முறை வைத்து ஓட்டிய கார்

என் அண்ணன்மார் இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த ஆறு வருஷமும் எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. கிணற்றுத் தண்ணீரை முறை வைத்து இறைப்பது மாதிரி அந்தக் காரை அவர்கள் முறை வைத்து ஓட்டினார்கள். ஒரு வாரம் பெரியவருக்கு, மறு வாரம் சின்னவருக்கு. இதைச் சொன்னால் என் மருமக்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அறுபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம், விராலிமலை மெயின்ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே. அப்பா ரோடு காண்ட்ராக்ட் எடுத்தவர். ஜல்லியிலும் தாரிலும் சம்பாதித்ததை வைத்து, திருச்சியில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த இங்கிலீஷ் காரை ஐம்பதுகளின் கடைசியில் வாங்கினார். வாங்கி இரண்டு வருஷத்தில் செத்தும் போனார். அடக்கத்தன்று சவப்பெட்டியின் முன்பக்க வலது மூலையை யார் தூக்குவது என்று என் அண்ணன்மாருக்குள் முறுக்கிக்கொண்டது. பெரியவர், மூத்தவன் தோள்தான் அங்கே வர வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கூட இருந்து பார்த்தவன் நான் என்றார் சின்னவர். இருவரும் ஒரே மூலைக்குத் தோள் கொடுத்ததில் மாதா கோயில் வாசலில் பெட்டி சாய்ந்து, உள்ளே அப்பா ஒரு பக்கமாகச் சரிந்த சத்தம் சாமியார் காது வரைக்கும் கேட்டது. அதற்கு யார் காரணம் என்பதில் தொடங்கியது அவர்கள் பேசாவிரதம். செத்தவரை நிம்மதியாகக் குழியில் இறக்கத் தெரியாத இரண்டு பேர், ரோஷத்தை மட்டும் நேரம் தவறாமல் காப்பாற்றினார்கள்.

பாகப்பிரிவினையில் வயல் பிரிந்தது, புளியமரங்கள் பிரிந்தன, வீட்டில் கிழக்குப் பாதி பெரியவருக்கும் மேற்குப் பாதி சின்னவருக்கும் என்று ஆனது. பத்திரத்தில் பொதுவில் விட்டது மூன்று. கிணறு, கார், நான். என் கல்யாணத்தை இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மா யார் பொறுப்பு என்று எழுத மறந்துவிட்டார்கள். அதனால் அம்மாவும் நானும் நடு வீட்டில் இருந்தோம்.

கிணற்றுக்கு என்ன சட்டமோ அதுதான் காருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்ததும் சாவி கை மாற வேண்டும். கை மாறுவது என்றால் நேரே கொடுப்பது என்று நினைத்துவிடக் கூடாது. பெரியண்ணன் சாவியை என் உள்ளங்கையில் வைப்பார். நான் முற்றத்தைக் கடந்து இருபது எட்டு நடந்து சின்னண்ணன் கையில் கொடுப்பேன். இருபது எட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது தன் கூடப்பிறந்தவன் என்பதே தெரியாத மாதிரி இருவரும் முகத்தை வைத்துக்கொள்வார்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அவரவர் டாங்கில் மிச்சம் இருக்கும் பெட்ரோலை டியூப் போட்டு உறிஞ்சிப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊரில் பெரிய மனிதர்கள் என்று பேர் எடுத்த இருவர், ஞாயிறு மாறி ஞாயிறு குத்தவைத்து உட்கார்ந்து பெட்ரோலை வாயால் இழுத்துத் துப்பிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. யார் முறையில் கார் ரிப்பேராகிறதோ அவரே சரிசெய்ய வேண்டும். இதைவிடச் சுருக்கமாக ஒரு காரைச் சாகடிக்க வழி கிடையாது. என்ன சத்தம் கேட்டாலும், எங்கே ஒழுகினாலும், ஞாயிற்றுக்கிழமை வரை எப்படியாவது ஓட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால் அது அடுத்தவன் தலைவலி. ஆறு வருஷம் அந்தக் கார் இப்படித்தான் ஓடியது.

அந்தக் காரின் கிளச்சு மற்ற வண்டிகளைப் போல ராடு வைத்து இழுப்பது இல்லை. ஆயிலால் வேலை செய்வது. பெடலை அமுக்கினால், பானெட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு டப்பாவிலிருந்து ஆயில் குழாய் வழியே கீழே போய், கியர் பெட்டி ஓரத்தில் உள்ள சிலிண்டரைத் தள்ளும். அது கிளச்சைத் தள்ளும். குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் பெடல் தொளதொளவென்று தரைக்குப் போய்விடும், கிளச்சு விலகாது, கியர் கத்தும். அப்போது அந்தக் காற்றை எடுக்க வேண்டும். அதற்குக் கீழே சிலிண்டரில் ஒரு நிப்பிள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மேலே பெடலை அமுக்கிப் பிடிக்க, ஒருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு காற்றும் குமிழ் குமிழாக வரும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். மூடுவதற்குள் விட்டுவிட்டால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். பத்துப் பதினைந்து தடவை செய்தால் பெடல் கெட்டியாகிவிடும். அப்பா உயிரோடு இருந்தபோது நான்கைந்து முறை நான் பெடலை அமுக்கியிருக்கிறேன். இதற்கு வேண்டியது பெரிய படிப்பு இல்லை. இரண்டு ஆளும், அந்த இரண்டு ஆளுக்கு நடுவே நாலு வார்த்தையும்தான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம் திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தேன். இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அதற்கு முன்பே கறம்பக்குடியிலிருந்து ஒரு உரக்கடைக்காரர் வீட்டில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "திருச்சியில எடம் நின்னா படி. நிக்கலேன்னா கறம்பக்குடி. அடுத்த வருசம்ங்கிற பேச்சே ஆகாது." அம்மா வைத்ததுதான் சட்டம். அந்தத் திங்கட்கிழமைக்காக நான் ஒரு வெள்ளைப் புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

எங்கள் ஊருக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு பஸ் உண்டு. அதில் ஏறினால் ஒன்பதரைக்குத் திருச்சி. நான் அதில் போகிறேன் என்றுதான் சொன்னேன். பெரியண்ணன் கிழக்கே இருந்து வந்தார்.

"வீட்டுல காரு நிக்கயில நம்ம வீட்டுப் புள்ள பஸ்ஸுல போயி எறங்குனா நாலு பேரு என்னா நெனப்பாக? அதெல்லாம் வேணாம்."

அரை மணி கழித்து மேற்கே இருந்து சின்னண்ணன் வந்தார். "காரை வச்சுக்கிட்டுப் பஸ்ஸுலயா? நாளைக்கு என் மொறைதான். நான் கொண்டு போயி விடுறேன்."

ஆறு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் பஸ்ஸில் போகக் கூடாது என்பது. திங்கட்கிழமை காலை நான் வெள்ளைப் புடவை கட்டி, சர்டிபிகேட்டுகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பஸ் ஹாரன் அடித்தபடி தெருக்கோடியைக் கடந்து போயிற்று. நான் ஓடிப்போய் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அண்ணன்மார் பேச்சை அப்போது நானும் ஒரு பேச்சாக மதித்துக்கொண்டிருந்தேன்.

ஏழரைக்குச் சின்னண்ணன் சலவைச் சட்டையோடு வந்து காரில் உட்கார்ந்தார். ஸ்டார்ட் ஆயிற்று. கிளச்சை அமுக்கினார். பெடல் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. கியரை நுழைக்கப் பார்த்தார், கார் ஆட்டை அறுக்கிற மாதிரி கத்தியது. அணைத்துவிட்டு இறங்கி என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, நேத்துச் சாவி குடுக்கயில கிளச்சு போயிருச்சுன்னு ஏதாச்சும் சொன்னாகளா அவுக?"

பெரியண்ணன் பத்தடி தூரத்தில் வேப்பங்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. விழுந்ததாக அவர் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதால், நான் போய் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"நேத்துப் பூசைக்குப் போயிட்டு வரயில நல்லாத்தான் இருந்துச்சு. சாவி கை மாறுன பெறகு போனது யாரு மொறைன்னு கேளு."

"ராத்திரி பூராம் காரு சும்மாதான நின்னுச்சு? நிக்கிற வண்டியில கிளச்சு எப்படிப் போகும்னு கேளுத்தா."

"எப்படிப் போச்சுன்னு மொறைக்காரந்தான் சொல்லணும்."

கார் எப்போது கெட்டது என்பதுதான் அவர்கள் பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னாலா, பின்னாலா? அந்த வழக்குத் தீர்ந்தால்தான் அடுத்த வேலை. முற்றத்தில் கிழக்கும் மேற்குமாக நான் நடந்துகொண்டிருந்தேன். புடவைக் கரையில் புழுதி ஏறியது. "இப்ப மணி எட்டேகாலு" என்று இருவரிடமும் சொன்னேன். அது அவர்கள் கொடுத்தனுப்பிய சேதி இல்லாததால் இருவருமே பதில் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு அம்மா ஜெபமாலையோடு வெளியே வந்து, "புள்ளைக்கு நேரமாகுதுடா" என்று ஒரு சத்தம் போட்டாள். அதற்குப் பிறகுதான் பெரியண்ணன் மனம் இரங்கினார். "புள்ளைக்காகத்தான் வாரேன்னு சொல்லு. வேற யாருக்காகவும் இல்ல." இந்தப் பெருந்தன்மையையும் நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். காற்று எடுத்தால் சரியாகிவிடும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. யார் மேலே உட்காருவது, யார் கீழே படுப்பது என்பதில்தான் தகராறு. தம்பி மேலே இருந்து அமுக்க, மூத்தவர் மண்ணில் படுப்பதா? அதற்கு ஒரு கால்மணி போயிற்று. கடைசியில் சின்னண்ணன் சலவைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். சைக்கிள் வால்டியூபில் ஒரு துண்டு வெட்டி நிப்பிளில் மாட்டி, மறுமுனையை இருமல் மருந்துப் பாட்டிலுக்குள் விட்டார். பெரியண்ணன் டிரைவர் சீட்டில் நீதிபதி போல உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"அமுக்கச் சொல்லுத்தா" என்றது கீழிருந்து குரல்.

"அமுக்கணுமாம்" என்றேன்.

பெரியண்ணன் அமுக்கினார். "அமுக்கியாச்சுன்னு சொல்லு."

"அமுக்கியாச்சாம்."

ஸ்பானர் திரும்பியது. பாட்டிலில் குமிழ் வந்தது. "மூடியாச்சு, விடச் சொல்லு" என்று வருவதற்குள், ஸ்பானர் சத்தத்தைக் கேட்டே பெரியண்ணன் காலை எடுத்துவிட்டார். தம்பி சொல்லி அண்ணன் காலை எடுப்பதா? தானாகவே எடுத்தால்தானே கௌரவம். போன காற்று அத்தனையும் திரும்ப உள்ளே வந்தது.

"மூடுறதுக்குள்ள ஏன் விட்டாகன்னு கேளு."

"அங்கிட்டு மூடுனது மூடாதது எனக்கு எப்படித் தெரியும்? ஒழுங்காச் சொன்னா ஒழுங்கா விடுவேன்னு சொல்லு."

"விடச் சொல்லுன்னு சொல்லுறதுக்குள்ள விட்டா நான் என்ன பண்றது?"

மறு தடவை பெரியண்ணன் நான் சொல்லும் வரைக்கும் காலை எடுக்கவில்லை. ஆனால் சின்னண்ணன், பெரியவர் வாயிலிருந்து "அமுக்கியாச்சு" என்று வந்ததைக் கேட்டதும் திறக்காமல், நான் அதைத் திரும்பச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். நேரடியாகக் கேட்டுத் திறந்தால் பேசினதாக ஆகிவிடுமாம். அதற்குள் தொளதொளத்த பெடலில் கால் வழுக்கிவிட்டது. இப்படியே ஏழெட்டுத் தடவை. ஒரு தடவை சரியாக வந்தால் அடுத்த தடவை கெட்டது. நடுவில் மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்துபோனதை இருவரும் பார்க்கவில்லை. நான்தான் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னேன். டப்பா காலியாக இருந்தால் மேலிருந்தும் காற்று உள்ளே போகும், செய்த வேலை எல்லாம் பாழ். உடனே யார் ஆயிலை ஊற்றுவது என்று தொடங்கிவிட்டது. இருவரும் தனித்தனியாக ஆயில் வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் சின்னண்ணன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே ஆயில் இரண்டு நிறத்தில் நின்றது. மேலே கறுப்பு, கீழே தேன் நிறம். பெரியண்ணன் அதைப் பார்த்தார். காரிலிருந்து இறங்கினார். அவர் முகத்தில் அன்று முதல் முறையாகச் சந்தோஷம் தெரிந்தது.

"ஏத்தா, அந்தப் பாட்டிலை வாங்கி வெயில்ல காட்டு. பிரேக் ஆயில் ஊத்துற எடத்துல என்ஜின் ஆயிலை ஊத்துன புத்திசாலி யாருன்னு கேளு."

"எண்ணெயெல்லாம் எண்ணெய்தான்னு சொல்லு. வாரா வாரம் ஆயில் கொறஞ்சுதான வந்துச்சு? எங்க ஒழுகுதுன்னு பாக்காம மேல மேல ஊத்துன புத்திசாலி யாருன்னு கேளு."

எனக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. சின்னண்ணன் தன் முறை வாரத்தில் டப்பாவில் என்ஜின் ஆயில் ஊற்றியதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அது கூடாது என்று அப்பா சொல்லிக் கேட்டும் இருக்கிறேன். ரப்பர் கெட்டுப்போகுமாம். நான் சொல்லவில்லை. என்னிடம் கொடுத்தனுப்பிய பேச்சை மட்டுமே கொண்டுபோவது, என் கண்ணால் பார்த்ததை வாயில் எடுத்துச் சண்டையை வளர்க்காமல் இருப்பது என்று ஒரு நல்ல பெண் வேஷம் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன்மாரை இவ்வளவு கேவலமாக எழுதுகிற நான் என்னை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. அந்த அமைதியில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பெரியண்ணன் அந்தப் பாட்டிலுக்கு ஒரு தக்கை தேடி அடைத்து, பத்திரமாக அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். சாட்சிக்காம். வேறு பாட்டில் தேடி, இருவர் ஆயிலும் வேண்டாம் என்று அம்மா பஞ்சாயத்துப் பண்ணி, பக்கத்து வீட்டுச் சீமையெண்ணெய் பீப்பாய் வரைக்கும் யோசனை போய், கடைசியில் பெரியண்ணன் டின்னிலிருந்தே ஊற்றியபோது மணி பத்து. ஒரு மணி நேரம் போதும் திருச்சிக்கு. இன்னும் நேரம் இருந்தது. மறுபடி சின்னண்ணன் கீழே போனார். பெரியண்ணன் ஏறி உட்கார்ந்தார்.

"அமுக்கச் சொல்லுத்தா."

நான் சொல்லவில்லை.

இது நான் யோசித்துச் செய்தது அல்ல. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரக் கதவும் ஒரு காலடிப் பலகையும். அதற்கு மேலே ஒருவர், கீழே ஒருவர். ஒருவர் மூச்சு விடுவது ஒருவருக்குக் கேட்கும். நான் இல்லாவிட்டால் பேசித்தான் ஆக வேண்டும், தங்கச்சி வாழ்க்கை போகிறதே என்று ஒரு "அமுக்குங்க"வாவது வரும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏத்தா, இருக்கியா?" என்றது கீழிருந்து.

மேலே இருந்தவர் கண்ணாடி வழியே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கச் சொன்னது அவர் காதில் விழவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை. கீழே இருந்தவர் ஸ்பானரைப் பிடித்தபடி படுத்திருந்தார். கோழி ஒன்று சாக்கின் ஓரத்தைக் கொத்திவிட்டுப் போயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இந்த இரண்டு பேரையும் பெரிய ஆட்களாக நினைத்து ஆறு வருஷம் முற்றத்தில் நடந்தோமே என்ற அருவருப்புத்தான் வந்தது. துணிப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

அம்மன் கோயில் திருப்பம் வரைக்கும் போன பிறகு பின்னால் கார் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு, பொறுமையில்லாமல். நான் எங்கே போனேன் என்று கூப்பிடுகிறார் பெரியண்ணன். இறங்கி வந்து பார்த்திருக்கலாம். குனிந்து தம்பியைக் கேட்டிருக்கலாம். ஹாரன்தான் அடித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு மைலும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆனி வெயிலில் கஞ்சி போட்ட புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. விராலிமலையில், மதுரையிலிருந்து திருச்சி போகிற பஸ் கிடைத்தபோது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். ஆஸ்பத்திரி ஆபீஸுக்குள் போனபோது ஒன்றரை தாண்டிவிட்டது. கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர் என் பேரை நோட்டில் தேடி, அடித்திருந்த கோட்டைக் காட்டினார்கள்.

"பன்னெண்டேகால் வரைக்கும் பாத்தோம்மா. அடுத்த பொண்ணு காலையிலேருந்து வெளிய காத்துக்கிட்டு இருந்துச்சு. சேத்தாச்சு. அடுத்த வருஷம் எழுதிப் போடுங்க."

அந்தப் பெண்ணை வராந்தாவில் பார்த்தேன். மணப்பாறைப் பக்கமாம். அவளுடைய அம்மா தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் கார் கிடையாது.

பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பினேன். கார் அதே இடத்தில் பானெட் திறந்தபடி நின்றது. அண்ணன்மார் இருவரும் காருக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். அம்மா வாசல்படியில் இருந்தாள். நான் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "எடம் போயிருச்சு" என்றேன்.

பிறகு பெரியண்ணன் தலையைத் திருப்பினார். என் பக்கம் இல்லை. காருக்கு மேலாக, தம்பியைப் பார்த்து, நேராக, கேட்டார்.

"என்னடா, கறம்பக்குடிக்கு ஆளு விட்டுருவமா?"

"விட்டுருவம்ணே" என்றார் சின்னண்ணன். "ஆவணியில வச்சுக்கிறலாம்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இது. காலையில் ஒரு வார்த்தை, "அமுக்குங்க" என்று ஒரே ஒரு வார்த்தை, வராத வாய்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். எனக்காக என்று நினைத்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எம் புள்ளைக ரெண்டும் பேசிருச்சுக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கோயிலில் இரண்டு பெரிய மெழுகுதிரி ஏற்றினாள். ஊரில் எல்லோரும் நான் ராசியான பெண் என்றார்கள். நான் அவர்களை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது பொய்.

கார் திருச்சிக்குக் கட்டி இழுத்துப் போய்ச் சரியாகி வந்தது. என்ஜின் ஆயிலில் ஊறி, உள்ளே ரப்பர் எல்லாம் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்ததாம். அன்று எத்தனை தடவை காற்று எடுத்திருந்தாலும் பெடல் நின்றிருக்காது என்று மெக்கானிக் சொன்னாராம். இதை இருவரும் சேர்ந்து வந்து, ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்து, என்னிடம் சொன்னார்கள். அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதில் இருவருக்கும் ஆறுதல். முறையும் அத்தோடு நின்றது. ஆளுக்கு ஒரு நாள் பேசி எடுத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. ஆவூர்க் கோயிலில் தாலி மந்திரிப்பு முடிந்து, வீட்டுக்கு அந்தக் காரில்தான் வந்தோம். பெரியண்ணன் ஓட்டினார். சின்னண்ணன் பக்கத்தில். பின்னால் நானும், அன்று காலையில் முதன்முதலாக நான் முகத்தைப் பார்த்த கறம்பக்குடிக்காரரும். முன்னால் இருந்த இருவரும் ஆறு வருஷப் பாக்கியையும் ஒரே நாளில் பேசித் தீர்க்கிற மாதிரி வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். கோயில் குளத்தைத் தாண்டி வண்டி மேடு ஏறும்போது பெரியண்ணன் கியரை மாற்றிவிட்டு, "ஏண்டா, அன்னைக்குக் கிளச்சே இல்லாட்டியும் மொத கியரைப் போட்டுட்டு ஸ்டார்ட் பண்ணியிருந்தா வண்டி அது பாட்டுக்குக் கெளம்பியிருக்கும்ல? அப்பா ரெண்டு தடவை அப்படித்தான திருச்சி வரைக்கும் கொண்டு போனாரு?" என்றார்.

"எனக்கு அது காலையிலயே தெரியும்ணே. சொன்னா நீங்க கேப்பீங்களோ மாட்டீங்களோன்னு விட்டுட்டேன்."

"அடப் பாவி. எனக்கும் அப்பவே தோணுச்சுடா. ஒங்கிட்டப் போயி நான் என்னத்தைச் சொல்றதுன்னு விட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். பெரியண்ணன் சிரித்த சிரிப்பில் ஸ்டீரிங் ஆடி, கார் ரோட்டோரத்து மண்ணில் இறங்கி ஏறியது. என் மடியில் இருந்த மாலை கீழே விழுந்தது. என் பக்கத்தில் இருந்தவர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்களுக்குக் கேட்காமல், "என்ன வெசயம், இப்படிச் சிரிக்கிறாக?" என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"காரு வெசயம்" என்றேன்.